விடுபட்ட இரண்டு சொற்கள்

1

இந்தக் கதை என் கவனக்குறைவிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் தந்திரம் போலத் தெரியும்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். சென்ற வருடம் ஒரு தேயிலைக் கம்பனி பதினாறு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்க அனுப்பியது. தோட்ட ஆபிஸ்களில் இருக்கும் கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து கம்பனியின் இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். எதற்கு என்ன பெயர் வைப்பது, எந்தப் பிரிவில் போடுவது, யார் யார் பார்க்கலாம் என்று குறிப்பது, எல்லாம் அதில் இருந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் நான் எழுதிய வாக்கியம்: ‘ஆவணத்தை, அது தேவைப்படும் ஊழியருடன் பகிரவும்.’

மூலத்தின்படி அது இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘ஆவணத்தை, அது தேவைப்படும் அனுமதி பெற்ற ஊழியருடன் பகிரவும்.’

[மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா? நானும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவன். இந்த அடைப்புக்குறிக்குள் இதற்கு மேல் எழுத வரவில்லை.]

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

‘பனி இறங்கிய மலைச்சரிவில்’ – நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதைகளில் ஏற்கனவே போதுமான பனி இறங்கியிருக்கிறது.

‘சிசிலி துணிச்சலான பெண்.’ இதைச் சிசிலியே அடித்துவிடச் சொன்னார். “துணிச்சல்லாம் இல்லண்ணே. பயந்துக்கிட்டேதான் செஞ்சேன்.”

ஆகவே மூன்றாவது, வெறும் தகவல்: சிசிலிக்கு நாற்பத்து மூன்று வயது. டயகம பக்கத்தில் ஒரு தோட்ட ஆபிஸில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர். (தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) கோப்புகளை ஏற்றும் வேலை அவருக்கு வந்தது. என் கையேட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஸ்கேன் செய்தார். வைகாசி மாத நடுவில், ‘வடிகான் திருத்தம்’ என்று எழுதிய கோப்புக்குள் நான்கு பக்க அறிக்கை ஒன்று கிடைத்தது.

அது மழைநீர் வடிகானைப் பற்றியது அல்ல. ஏழு வருடத்துக்கு முன் மண்ணைப் பரிசோதிக்க வந்த ஒருவர் எழுதியது. கீழ்ப்பிரிவில் பதினான்கு காம்பராக்கள் (ஒற்றை அறை வீடுகள்) கொண்ட லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் வெடிப்பு இருக்கிறது. அது அகலமானால் அங்கே குடியிருப்பவர்களை உடனே வெளியேற்ற வேண்டும். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. அதை யாரும் ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை. தவறான பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

3

இனி நிரஞ்சன். அந்தத் தோட்டத்தின் சின்னதொரை, அதாவது உதவி முகாமையாளர். பெரியதொரை அப்போது விடுமுறையில் இருந்ததால் சிசிலி அறிக்கையை இவரிடம்தான் கொண்டுபோனார்.

“சேர், இத எந்தப் பிரிவுல போடுறது?”

நிரஞ்சன் நின்றபடியே நான்கு பக்கங்களையும் வாசித்தார். “திருத்த வேலைல போடுங்க. முகாமையாளர் மட்டும் பாக்குற மாதிரி வைங்க.”

“லயத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேணாமா சேர்?”

“கொழும்புல கேட்டுட்டுச் சொல்றேன் மிஸ். அவசரப்படாதீங்க.”

சிசிலி அவர் சொன்னபடியே அதை ஏற்றினார்.

முதல் பிரதியில் இவரை வில்லனாக எழுதியிருந்தேன். பளபளக்கும் சப்பாத்து, மேசையைத் தட்டும் விரல், எல்லாம் கொடுத்திருந்தேன். அவற்றை ஏன் நீக்கினேன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

4

ஒன்பது நாள் போயிற்று. கொழும்பிலிருந்து பதில் இல்லை. தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் சிசிலி குடையை எடுத்துக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார். லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் வேலாயி அன்று காய்ச்சலென்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. அவர்தான் மேட்டைக் காட்டினார்.

“இதுவா கிளாக்கரம்மா? ரொம்ப நாளாக் கெடக்கு. குழி தோண்ட வேணாமேன்னு துணி காயப்போடுற கொடிக்கம்ப இதுக்குள்ளயே செருகிட்டேன்.”

“முன்னயும் இவ்வளவு அகலமாவா இருந்துச்சு?”

வேலாயி யோசித்தார். “முன்ன வெரல் போகும். இப்பக் கை போவுது. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

ஆபிஸுக்குத் திரும்பி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றதாகச் சிசிலி சொன்னார். “மூச்சு வாங்கி இல்லண்ணே. அந்தச் ‘சும்மாதான்’ன மாத்திச் சொல்லத் திரும்பிப் போயிரலாமான்னுதான்.”

[இங்கே அவர் மனத்தில் ஓடியதை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவர் செய்தது இதைவிடச் சுருக்கமானது.]

அறிக்கையைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதினார். ஏற்கனவே ஏற்றியிருந்த மூலத்தோடு சேர்த்து அதை ‘பாதுகாப்பு’ பிரிவில் போட்டார். யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று மாற்றி, கீழ்ப்பிரிவு வட்சப் குழுவுக்கு அனுப்பினார்.

மூன்று மணிக்கு வேலாயி மழையில் நனைந்தபடி ஆபிஸ் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் லயமே நின்றது.

“மத்தியானம் வந்தப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“ஒன்பது நாளாத் தெரியும்.”

வேலாயி அவரை ஏசவில்லை. “ஒன்பது நாளு,” என்று மட்டும் திருப்பிச் சொன்னார். அன்று மாலைக்குள் பதினான்கு குடும்பங்களும் பாயும் சட்டியும் பிள்ளைகளுமாகத் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விட்டன.

5

அறிக்கையை அனுமதியில்லாமல் பகிர்ந்ததற்காக இரண்டு வாரம் கழித்து விசாரணை. கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சிசிலி என் ஒன்பதாம் பக்கத்தை வாசித்தார். “வேலாயியும் கம்பனி ஊழியர்தான். அவங்களுக்கு இது தேவப்பட்டுச்சு.”

அதிகாரிகள் மூலத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்த என் எண்ணுக்கு அங்கிருந்தே அழைத்தார்கள். இரண்டு சொற்கள் விடுபட்டது உங்கள் தவறா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அந்தக் கம்பனி அதன் பிறகு எனக்கு வேலை தரவில்லை. அது இந்தக் கதைக்கு முக்கியமல்ல. அன்றிரவு அதே எண்ணுக்குச் சிசிலி அழைத்தார்; இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

நிரஞ்சனிடம், அறிக்கையைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அவர் களஞ்சியத்தைத் திறந்து, யார் எப்போது பார்த்தார்கள் என்று காட்டும் பக்கத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பினார். சிசிலி பகிர்வதற்கு முந்தைய ஒன்பது நாளில் அந்த ஆவணம் பதினொரு தடவை திறக்கப்பட்டிருந்தது. பதினொன்றும் அவர் பெயரில்.

“தெறந்து தெறந்து பாத்தேன். பகிருறதுக்குப் பயம். மிஸ் செஞ்சது நான் செஞ்சிருக்க வேண்டியது. அவங்கள எதுவும் செய்யாதீங்க.”

சிசிலிக்கு அதுவரை அது தெரியாது. “அழுகை வந்திருச்சுண்ணே. கோவத்துலயா என்னன்னு தெரியல,” என்றார்.

சிசிலியின் வேலை போகவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மாற்றினார்கள். களஞ்சியத்துக்குள் நுழையும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். நிரஞ்சன் வேறு தோட்டத்துக்குப் போனார். அறிக்கை மறுபடி ‘முகாமையாளர் மட்டும்’ ஆயிற்று. ஆனால் லயத்தில் எல்லோருடைய கைபேசியிலும் அதன் பிரதி இருக்கிறது.

6

முடிவு அ: ஐப்பசி மழையில் மேடு சரிகிறது. லயம் புதைகிறது. உள்ளே ஒருவரும் இல்லை. சிசிலியைத் தோட்டமே தூக்கி வைத்துக்

முடிவு ஆ: மேடு சரியவே இல்லை. ஊர் சிசிலியைப் பார்த்துச் சிரிக்க

இரண்டையும் தொலைபேசியில் சிசிலிக்கு வாசித்துக் காட்டினேன்.

“ஏண்ணே, மண்ணு சரிஞ்சாத்தான் நான் செஞ்சது சரின்னு ஆகுமா?”

எழுதியிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

“மண்டபத்துல எத்தன நாளைக்கு இருக்குறதுன்னு ஆறு குடும்பம் திரும்பிப் போயிருச்சு. புள்ளைங்க இருக்கு அங்க. கதைக்குன்னாலும் மழையக் கூப்பிடாதீங்க.”

இரண்டு முடிவுகளையும் பாதியிலேயே வெட்டியது அதனால்தான். புதிதாகப் பரிசோதிக்க ஆள் வருவதாகக் கம்பனி சொல்லியிருக்கிறது. இதை எழுதும் வரை வரவில்லை. நீங்கள் இதை வாசிக்கும் நாளில் அங்கே மழையா வெயிலா என்று எனக்குத் தெரியாது. சிசிலி செய்தது சரியா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் வானத்தைப் பார்க்காமல் முடிவு செய்யுங்கள்.