நானூற்றுப் பன்னிரண்டு விசாரணைகள்

கல்லூரியின் இணைய விளம்பரங்களைக் கவனிப்பவன் அவன். அதே கல்லூரியில் வரலாறு நடத்துபவள் அவனுடைய அக்கா. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முப்பது பேர் சேராவிட்டால் வரலாற்றுத் துறை மூடப்படும் என்று முதல்வர் எழுத்தில் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை வரை சேர்ந்தவர்கள் ஏழு பேர்.

ஆனால் விளம்பரத்தைத் தொட்டு, படிவத்தில் பெயரும் எண்ணும் நிரப்பி அனுப்பப்பட்ட விசாரணைகள் நானூற்றுப் பன்னிரண்டு. வேறெந்தத் துறைக்கும் இதில் பாதிகூட வரவில்லை. முப்பது ஆண்டுகளாகக் குறிப்பேட்டை மாற்றாததால் மாணவர்களிடம் ‘கல்வெட்டு’ என்று பெயர் வாங்கியிருந்த துறைத்தலைவர், வகுப்பை இரண்டாகப் பிரிக்க நேருமோ என்றுகூடக் கவலைப்பட்டார்.

விசாரித்தவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் பிரிவினர் பொறியியல் பட்டியலையே இன்னும் முடிக்கவில்லை. ஆகவே அவனே தொலைபேசியோடு உட்கார்ந்து, கடைசியாக வந்த படிவங்களிலிருந்து தொடங்கினான். முதலில் எடுத்தவர் தம் பிள்ளைக்காக விசாரிக்கிறார் என்று நினைத்தான். தமக்குப் பிள்ளை இல்லை என்றார் அவர்.

“பத்தொன்பது வருஷம் வரலாறு நடத்தினவன் சார் நான். எங்க காலேஜ்ல துறையை மூடிட்டாங்க. உங்ககிட்ட இடம் இருக்குன்னு பார்த்தேன்.”

இடம் மாணவர்களுக்கு என்று அவன் விளக்கியதும், அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார். அடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அதற்கடுத்தவர், பகுதிநேரமானாலும் பரவாயில்லை என்றார். மாலைக்குள் அறுபது பேரை அழைத்திருந்தான்; பள்ளி முடித்த வயதில் ஒருவர்கூட இல்லை.

மறுநாள் பழைய பதிவுகளைத் திறந்தான். முதல் எண்பது படிவங்களில் எழுபத்தொன்று வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் அறுவரும் அனுப்பியவை. விளம்பரம் வேலை செய்கிறதா என்று தினமும் தொட்டு, நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். கல்வெட்டு மட்டும் இருபத்துமூன்று முறை. படிவம் நிரப்புகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ, அப்படிப்பட்டவர்களின் திரைகளையே தேடிப் போவது அந்த விளம்பரத்தின் இயல்பு. அது ஒரு குறையும் வைக்காமல் வரலாற்று ஆசிரியர்களைத் தேடிப் போயிருந்தது. அவனும் எண்ணிக்கையைப் பார்த்தானே தவிர ஆட்களைப் பார்க்கவில்லை.

விளம்பரத்தை அழித்துப் புதிதாகத் தொடங்கினான். ஆட்களை இனம்கண்டுகொள்ள அதற்குப் பத்து நாள் வேண்டும். கையில் இருந்தவை நான்கு. விசாரித்தவர்கள் மாணவர்கள் அல்லர், ஆசிரியர்கள் என்று முதல்வருக்கு மட்டும் எழுதினான்; துறையில் யாரிடமும் காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, கெடு முடியும் நேரத்தில், எண்ணிக்கை ஒன்பதில் நின்றிருந்தபோது, அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“புது விளம்பரத்துலயும் நேத்து நிரப்பினேன்டா. காலையில உங்க மாமா போன்லேர்ந்தும் ஒண்ணு.”

“இனிமே போடாதக்கா.”

“ஏன்?”

முதல் எண்பது படிவங்களின் பட்டியல் அவன் திரையில் திறந்தே கிடந்தது. சான்றுகளைப் படித்தே பழகியவள், திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பட்டியலின் பாதிக்கு முன்பே அவள் விரல் நின்றுவிட்டது.

“அப்ப நாங்கதானா?”

தானும் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும் என்றான். அது அவளுக்கு ஆறுதலாகப் பட்டதாகத் தெரியவில்லை. துறைத்தலைவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்போது முதல்வர் அழைத்தார். துறையை மூடும் ஆணையில் கையெழுத்திட்டாயிற்று என்றார். பிறகு, விசாரித்த அந்த நானூறு பேரின் பட்டியலைக் கேட்டார். மற்றத் துறைகளின் பொதுப்பாட வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர்கள் வேண்டுமாம். இவ்வளவு அனுபவம் இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைக்காதாம்.

அவன் தொலைபேசியை வைத்தபோது அக்கா எழுந்திருக்கவில்லை.

“அதுல நானும் இருக்கேன்ல?”

“இருக்கே. பதினோரு தடவை.”

“ஒண்ணு போதும். மத்ததை எடுத்துட்டு அனுப்பு.”