பொட்டு வைத்த பெட்டி

முத்திருளனைவிட அவனுடைய பெட்டிக்குத்தான் மதுரையில் பேர் அதிகம். பெட்டி என்றால் துணிமணி வைக்கிற பெட்டி இல்லை. பேஸ் கிட்டாருக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸைப் பிரித்தபோது, கேட்பாரில்லாமல் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சாப்பாட்டுத் தாம்பாளம் அளவுக்கு இருந்த ஸ்பீக்கரையும் சாக்கில் கட்டி பஸ் ஏற்றிக் கொண்டுவந்தான். கண்டக்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மில்லில் அவனுக்கு ஃபிட்டர் வேலை. பலகை அறுத்துப் பெட்டியை அவனே அடித்தான். முதல் தடவை வாசித்தபோது குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. மில்லில் ஒதுக்கிப்போடுகிற கழிவுப் பஞ்சைக் கொண்டுவந்து உள்ளே திணித்தான். கொஞ்சம் திணிப்பான், வாசிப்பான், கொஞ்சம் பிடுங்குவான், மறுபடி வாசிப்பான். "தலகாணி தைக்கிறீகளா, கிட்டார் வாசிக்கிறீகளா?" என்று அவன் மனைவி சீனியம்மாள் கேட்டாள். மூன்று மாதம் இதே கூத்து. அதன்பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம்! கனமாக, ஆனால் கலங்காமல், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து வந்தது.

இவ்வளவும் நல்லகாமனுக்காக. இருவரும் கீழக்குயில்குடிக்காரர்கள், கூடப் பிறக்காத குறைதான். நல்லகாமன் பாடுவான், முத்திருளன் பேஸ் கிட்டார் வாசிப்பான். மெல்லிசைக் குழு நல்லகாமன் பெயரில்தான் நடந்தது. எட்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று போய்க்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதம் தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடக்குமே, அந்த மேடை மட்டும் எட்டவில்லை. "ஒரு நா நாம ரெண்டு பேரும் அந்த மேடை ஏறணும் மாப்ள" என்று நல்லகாமன் சொல்லாத வாரமில்லை. முத்திருளனுக்கு வேறு ஆசையே கிடையாது. மில்லில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே நிற்கும்போதும் அந்த மேடையில் பெட்டியை எந்த மூலையில் வைக்கலாம் என்றுதான் யோசிப்பான்.

யோசிக்க விஷயம் இருந்தது. மற்ற குழுக்காரர்கள் பேஸ் திருகைக் கடைசிவரை முறுக்கிவிடுவார்கள். ஜனத்துக்கு நெஞ்சில் இடிக்கிறதாம். முத்திருளனுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "இடிக்கிறதுக்கு உரலு போதும்டா, இதுல பாட்டுக் கேக்கணும்" என்பான். பேஸ் நாலில், ட்ரெபிள் ஐந்தில், வால்யூம் ஆறைத் தாண்டக் கூடாது. பத்து நிமிடம் முன்னாலேயே சுவிட்சைப் போட்டு உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வைச் சூடேற்ற வேண்டும். கல்யாண மண்டபமென்றால் பெட்டியைத் தரையில் சுவர் மூலையோரமாக வைப்பான். சத்தம் தானாகத் திரண்டு வரும். பலகை மேடையென்றால் அடியில் நாலு செங்கல், செங்கல் மேல் ஈரச்சாக்கு. இல்லாவிட்டால் மேடையே கூடச் சேர்ந்து உறுமும்.

எண்பத்து மூன்றாம் வருட ஆயுத பூஜை அன்று வில்லாபுரத்தில் பயிற்சி நடக்கிற அறையில் எல்லா வாத்தியத்தையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தபலாவுக்கு ஒரு பொட்டு, ஆர்மோனியத்துக்கு ஒரு பொட்டு. பெட்டியிடம் வந்தபோது நல்லகாமன் குங்குமக் கிண்ணத்தை முத்திருளன் கையில் கொடுத்தான்.

"திருகு எங்க நின்னா ஒஞ் சத்தம் வருமோ, அங்கனயே பொட்ட வையி மாப்ள. சாமிக்கும் ஆச்சு, அடையாளத்துக்கும் ஆச்சு."

முத்திருளனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று திருகுக்கும் எதிரே, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று என்று மோதிர விரலால் பொட்டு வைத்தான். செங்கல், ஈரச்சாக்கு, பத்து நிமிடச் சூடு என்று நல்லகாமன் ஒவ்வொன்றாகக் கேட்டான். இவனும் ஒன்று விடாமல் சொன்னான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், குங்குமம் இருந்த இடத்தில் சிவப்பு நகப்பாலிஷ்.

"சாமி பொட்டு அழியலாமாய்யா? வீட்டுல பொம்பளைக வச்சிருந்தத எடுத்தாந்து தொட்டு வச்சேன்" என்றான் நல்லகாமன்.

வீட்டுக்கு வந்ததும் முத்திருளன் சீனியம்மாளிடம் அதைச் சொன்னான். "நம்ம பெட்டிக்குப் போயி அவன் இம்புட்டு மரியாத பண்றான்" என்றான். ஐயோ, இப்படியும் ஒரு வெள்ளந்தி மனிதன்!

பங்குனி கடைசியில் நல்லகாமன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "இந்த வருசமும் பொருட்காட்சி கெடைக்கல மாப்ள." முத்திருளன்தான் அவனுக்கு ஆறுதல் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். போகிற போக்கில் நல்லகாமன், "திருமங்கலத்துல ஒரு காதுகுத்து இருக்கு. ஒனக்கு மில்லுல லீவு கெடைக்காது, அலையாத. பேஸ் இல்லாமலே ஒப்பேத்திர்றேன். பெட்டி மட்டும் வில்லாபுரத்துலயே இருக்கட்டும்" என்றான். பேஸ் வாசிக்க ஆளில்லாத இடத்தில் பேஸ் பெட்டி எதற்கு? கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முத்திருளன் கேட்கவில்லை. நல்லகாமனிடம் அவன் எதையும் கேட்டுப் பழகியதில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீனியம்மாள் பொருட்காட்சி பார்க்க வேண்டும் என்றாள். டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். டெல்லி அப்பளக் கடைக்கு முன்னால் நிற்கும்போது தூரத்து மேடையில் ஒரு பாட்டு எடுத்தார்கள். முத்திருளன் கையில் இருந்த அப்பளம் அப்படியே நின்றது.

"ஏங்க, என்னாச்சு?"

"அது எம் பெட்டி" என்றான்.

பாடுகிறவன் குரலைக் கேட்டு அல்ல, பேஸைக் கேட்டுத்தான் கண்டுகொண்டான். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனான். மேடை மூலையில் பெட்டி. அடியில் நாலு செங்கல், ஈரச்சாக்கு. நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நல்லகாமன். பெட்டிக்குப் பக்கத்தில் கோட்டு போட்டுத் தலைமுடியைத் தோள்வரை விட்ட ஒரு வாட்டசாட்டமான ஆள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். பரவாயில்லாமல்தான் வாசித்தான். வயிறெரிந்தது முத்திருளனுக்கு.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனான். இவனைப் பார்த்ததும் "முத்திருளா!" என்ற நல்லகாமன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பேரைக் கேட்டதும் கோட்டுக்காரன் எழுந்து வந்து கும்பிட்டான். அவன் பேர் அழகுமலை.

"அண்ணே, நீங்கதானா அந்த மெக்கானிக்கு? என்னா பெட்டிண்ணே இது! ஆறு மாசமா இதுலதான் பழகுறேன். பொட்டுல திருப்பி வச்சாப் போதும், தேனா வருது."

ஆறு மாதம். முத்திருளன் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஐப்பசியிலிருந்து சித்திரை வரை. பொட்டு சாமிக்கு வைத்ததில்லை, இந்த அழகுமலைக்கு வைத்தது. தன் இடத்தில் இன்னொருத்தன் உட்காருவதற்குத் தன் விரலாலேயே அடையாளம் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"நான் மெக்கானிக்கா?" என்று நல்லகாமனைக் கேட்டான்.

நல்லகாமன் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். "கோவப்படாத மாப்ள. இது ஜனம் ஆளப் பாக்குற மேட. நீ தலையில பஞ்சோட மில்லுல இருந்து வந்து நிப்ப. ஒனக்கே தெரியும். வேற பெட்டியும் வச்சுப் பாத்தேன், சத்தியமா வரல. ஒஞ் சத்தம் இல்லாம என்னால பாட முடியாதுய்யா."

"எஞ் சத்தம் வேணும். நான் வேணாம். அப்பிடித்தான?"

நல்லகாமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டாம் பாதில ஒன்னைய மேல கூப்புடுறேன். பேரச் சொல்லிக் கூப்புடுறேன். ஒரு பாட்டு நீ வாசி. எங்க ஆத்தா மேல ஆணை."

கையை உதறிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் எட்டு வருட ஆசை ஆளை எவ்வளவு கேவலமாக்கும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். ஒரு பாட்டாவது கிடைக்கிறதே என்று முத்திருளன் தலையாட்டினான். குழாயடியில் போய் முகம் கழுவி, தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வாரினான். முன் வரிசையில் சீனியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னைய மேல கூப்புடப் போறான்" என்றான்.

ஐந்து பாட்டு போயிற்று. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் முத்திருளன் இருக்கையின் நுனிக்கு வந்தான். ஆறாவது முடிந்ததும் நல்லகாமன் மைக்கை நெருங்கினான்.

"அன்பு ரசிகப் பெருமக்களே! இந்த அருமையான ஒலிபெருக்கியைச் செய்து கொடுத்த நமது மெக்கானிக் முத்திருளன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

சீனியம்மாள் புருஷனைப் பார்த்தாள். முத்திருளன் எழுந்து போனான். நல்லகாமன் ஒரு பூப்போட்ட துண்டை அவன் தோளில் போர்த்தி, கையைக் குலுக்கி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காதோரம், "போதும் மாப்ள, நேரமாச்சு, எறங்கு" என்றான். வாத்தியக்காரர்களுக்குக் கையைக் காட்டினான். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

முத்திருளன் படிப் பக்கம் போகவில்லை, பெட்டியிடம் போனான். அழகுமலையின் கிட்டார் வயரை உருவினான். சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினான். பெட்டி கொதித்தது. அந்தத் துண்டை மடித்துத் தோளில் வைத்து, மேலே பெட்டியை ஏற்றினான். அழகுமலை ஒன்றும் புரியாமல், சத்தமில்லாத கம்பிகளை வாசித்துக்கொண்டே அவனைப் பார்த்தான்.

பாட்டு நிற்கவில்லை. கூட்டத்தில் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கடலை தின்றவர்கள் கடலை தின்றார்கள், பிள்ளையை அதட்டியவர்கள் அதட்டினார்கள். நல்லகாமனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஒரு கணம் அவன் முதுகு விறைத்தது. ஆனாலும் திரும்பவில்லை.

முத்திருளன் நின்றான். அவ்வளவு கனத்தையும் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சரணம் முழுக்க நின்றான். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை, கெட்ட வார்த்தையிலாவது திட்டியிருந்தால் போதும், பெட்டியை அங்கேயே இறக்கி வைத்திருப்பான். சத்தியமாக வைத்திருப்பான்.

பாட்டு முடிந்தது. கூட்டம் கைதட்டியது. நல்லகாமன் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பாட்டைச் சொன்னான்.