பிஸ்கட் தட்டில் விழுந்த எண்ணெய்

விற்றுத் தொலைத்தால்தான் நிம்மதி என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். காய்ச்சலில் படுத்த கணவன் எழுந்திருக்காமலே போய் ஒரு வருஷம் ஆயிற்று. அவன் பழசாக வாங்கி, ஆசை ஆசையாய்த் துடைத்துவைத்த மோட்டார் சைக்கிள் மட்டும் கொட்டகையில் நின்றது. வேலை முடிந்து கேட்டைத் திறந்தாலே கண்ணில் படும். பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வாங்க வந்தவர் பேக்கரிக்காரர். கடை கடையாக ரொட்டி போட வண்டி வேண்டுமாம். புது எண்ணெய் டப்பா, ஸ்பேனர், ஓரம் நசுங்கிய பிஸ்கட் தட்டு என்று சகலமும் கையோடு கொண்டுவந்திருந்தார். மனுஷன் உஷார் பேர்வழி.

“ஒரு வருஷமா நிக்குதுங்கறீங்க. உள்ள எண்ணெய் தார் மாதிரி ஆகியிருக்கும் தங்கச்சி. மாத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.”

“தாராளமா மாத்துங்கண்ணே. அவர் போனப்புறம் யாரும் அதைத் தொட்டதுகூட இல்லை.”

வண்டியை நேராக நிறுத்தினார். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியைக் கழற்றித் துடைத்து, விட்டு எடுத்தார். முகம் மாறிவிட்டது. மாவுப் பதம் பார்ப்பதுபோல விரலில் தொட்டுத் தேய்த்தார். மோந்தும் பார்த்தார்.

“என்னம்மா, காதுல பூ சுத்தறீங்களா? தேன் மாதிரி இருக்கு! அடியில இருக்கற கசடை மறைக்க மேலாப்புல நல்ல எண்ணெயை ஊத்தி வெச்சிருக்கீங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னாள் என்று இதுவரை ஒருத்தர் அவளைப் பார்த்து விரல் நீட்டியதில்லை.

“ஐயோ, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே!”

“திறந்து விட்டா தெரிஞ்சுட்டுப் போகுது.”

தட்டை அடியில் தள்ளி, எஞ்சினின் கீழ்ப்பக்கத்து போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் கொட்டியது. கசடுமில்லை, கறுப்புமில்லை, முதல் சொட்டிலிருந்து கடைசிவரை ஒரே பொன்னிறம். பேக்கரிக்காரரே வாயைப் பிளந்துவிட்டார்.

அவள் தட்டருகே குனிந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே இடத்தில் குந்தி எண்ணெய் பார்க்கிறவன் அவன் ஒருத்தன்தான். வந்து மாற்றிவிட்டுப் போனானோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள் பாவம்.

“ஐயையோ, பாவி மனுஷா! போன வாரம்தானே ஊத்தினேன், அத்தனையும் கொட்டிட்டியே!”

சமையலறை வாசலில் மாமியார். முட்டி வலி என்று கேட்டைத் தாண்டாமல், தையல் மிஷினே கதியென்று கிடக்கிற அதே மாமியார். வாயை விட்ட பிறகுதான் பொத்திக்கொண்டார்.

“அத்தை... நீங்களா?”

“தைச்சதைக் கடையில கொண்டுபோய்க் குடுக்க வேண்டாமா?”

“கடைக்காரர் ஆள் அனுப்பறார்னு சொன்னீங்க!”

“ஆளாவது ஒண்ணாவது. நீ வேலைக்குப் போனதும் கிளம்புவேன், வர்றதுக்குள்ள வந்துடுவேன். அவன் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிட்டா என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?”

“அப்போ முட்டி வலி?”

“நடந்தாத்தானே வலிக்கும்? உக்காந்துதானே ஓட்டறேன்.”

பேக்கரிக்காரர் இருமுவதுபோலச் சிரிப்பை விழுங்கினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை; வயிறு எரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருஷமாக இப்படி ஏமாற்றுவார்களா?

“யார் கத்துக்குடுத்தா?”

“அவன்தான். எண்ணெய் மாத்தறதையும் அவன்தான் காட்டினான். அப்போ நீ சிரிப்பேன்னு சொல்லலை.” மாமியார் குரல் இறங்கியது. “அப்புறம் நீ அழுவேன்னு சொல்லலை.”

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயரில் ஈரமண் ஒட்டியிருந்தது. தினமும் கண்ணில் பட்டும் அதை அவள் பார்த்ததே இல்லை.

“நிக்கறதைப் பாக்க முடியலைன்னுதானே விக்கறே?” என்றார் மாமியார். “அது ஒரு வாரம்கூட நிக்கலைடி.”

பேக்கரிக்காரர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “தங்கச்சி, வண்டி...”

“விக்கலைண்ணே. போல்ட்டைப் போடுங்க. உங்க டப்பாவை எங்களுக்கே குடுத்துடுங்க.”

அவர் போல்ட்டை முடுக்கிப் புது எண்ணெயை ஊற்றினார். “கம்பியில இருக்கற மேல்கோட்டைத் தாண்டாம ஊத்துப்பா,” என்று மாமியார் அதட்டினார். ஊற்றி முடித்ததும் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தார்.

அதே சத்தம். சாயங்காலம் அவன் வரும்போது தெருமுனையிலேயே அடையாளம் தெரியுமே, அதே சத்தம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

மாமியார் அவளை அழவிட்டார். பிறகு மகனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டைத் தட்டினார்.

“ஏறு. இன்னிக்குத் தலையணை உறை மூட்டை பெருசு. பிடிச்சுக்க ஆள் வேணும்.”