சிறைப்பாட்டுக்கு ஐந்து நிமிடம்

"வேண்டாம் பிள்ளை, சொல்லிப்போட்டன்!" அருந்தவன் மண்டப வாசலில் கமலினியை மறித்தார். பெட்டியில் கிடக்கும் சிறி அவருடைய தம்பி, கமலினியின் புருசன். ஆனால் இன்றைக்கு அவருக்குத் துக்கத்தைவிடப் பதற்றம்தான் கூட.

உள்ளே தேவாரம் முடிகிற நேரம். அடுத்த செத்தவீட்டுக் கார்கள் வெளியே வந்து நின்றுவிட்டன. மண்டபத்தில் இவர்களுக்கு மிச்சம் ஐந்தே நிமிடம்.

சுவரோரம் டெஸ்மண்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்புமுகாமில் சிறி அடைபட்டிருந்த மூன்று வருடமும் ஞாயிறு தவறாமல் பார்க்க வந்த ஐரிஷ் கிழவர். தன் ஊர்ப் பழைய சிறையில் கிடந்த கிளர்ச்சிக்காரர்களின் பாட்டொன்றைச் சிறிக்குப் படிப்பித்தவரும் அவர்தான். செத்தவீட்டில் டெஸ்மண்ட் அதைப் பாடவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிறி கேட்டிருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டார் மூண்டாவது வரிசையிலை இருக்கினம். சிறி ஸ்ருடன்ட் விசாவிலை வந்தவன் எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறம்? கப்பலிலை வந்து கம்பிக்குள்ளை கிடந்தவன் எண்டு தெரிஞ்சால் உன்ரை மகள் மயூராவின்ரை கலியாணம் அவ்வளவுதான்," என்றார் அருந்தவன்.

"அத்தான், அந்த மனுசன் கடைசியாக் கேட்டது இது ஒண்டுதான்."

"செத்தவனுக்கு என்ன, இருக்கிற பிள்ளையை யோசி!"

கமலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதினைந்து வருடமாக அவளும் இதே பொய்யைத்தானே சொல்லித் திரிந்தாள்? சிறி குசினியில் சமைத்தபடி அதைப் பாடும்போதெல்லாம் அயலுக்குக் கேட்கும் என்று ஓடி ஓடி யன்னலைச் சாத்தியவளும் அவள்தான். நினைக்கவே வெட்கமாக இருந்தது. அத்தானை விலக்கிக்கொண்டு போய் டெஸ்மண்டின் கையைப் பிடித்தாள். பெட்டியடிக்குக் கூட்டிவந்து, "பிளீஸ், சிங்," என்றாள்.

அவள் கையை விடாமலே, கண்ணை மூடிக்கொண்டு டெஸ்மண்ட் பாடினார். முன்வரிசையில் மகள் மயூரா குனிந்த தலை நிமிரவில்லை.

டெஸ்மண்டின் ஊர்ப் பாட்டுக்காரர் கடைசிச் சொல்லைப் பாடுவதில்லை. பேச்சாகச் சொல்லித்தான் முடிப்பார்கள். இந்தப் பாட்டில் அது சிறையின் பெயர். சிறி மட்டும் அந்த இடத்தில் தன் சிறையின் பெயரைச் சொல்வார். டெஸ்மண்ட் அதற்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கமலினியைப் பார்த்தார். அருந்தவன் வேண்டாமென்று தலையாட்டினார்.

"வில்லாவுட்," என்றாள் கமலினி. ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று தமிழிலும் சொன்னாள்: "மூண்டு வருசம் அங்கைதான் என்ரை மனுசன் கிடந்தவர்."

மூன்றாவது வரிசைப் பக்கம் அவள் திரும்பவில்லை. அங்கே ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. முன்வரிசையிலிருந்து மயூரா எழும்பி வந்து தாயின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.