ஐந்தடி தூரம்

உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், காலையில் யாரிடமும் உளறிவிடாதே. இன்று ராத்திரி நான் சித்தப்பா வீட்டில் படுத்திருக்கிறேன்.

எங்கள் கூடத்தைப் பலகை அடித்து இரண்டாக்கி, வாசலையும் இரண்டாக்கி மூன்று வருடம் ஆகிறது. காரணம் ஒரு கை. சட்டைக் கைதான். அப்பா துணி வெட்டுவார், சித்தப்பா தைப்பார். சபைப் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்தபோது, கொடுத்த அளவில் இடது கை நீளம் என்று அப்பா இரண்டு விரல் குறைத்து வெட்டினார். அண்ணன் கவனிக்கவில்லை போல என்று சித்தப்பாவும் இரண்டு விரல் மடித்துத் தைத்தார். ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடவில்லை. ஞாயிறு ஆராதனையில் பன்னிரண்டு இடது மணிக்கட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. சபையே சிரித்தது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை, ஜெபம் மட்டும் உண்டு. எட்டு மணிக்கு இரண்டு பக்கமும் தொடங்கும். ஆண்டவரே, தம்பி மனதை மாற்றும் என்று அப்பா குரலை உயர்த்துவார். அண்ணன் மனதை மாற்றும் என்று அங்கே இன்னும் உயரும். ஆண்டவர் பாவம்.

நாளைக் காலை சித்தப்பா குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறார். தையல் மெஷினைக்கூடக் கழற்றிக் கட்டியாகிவிட்டது. இன்று அப்பா ஜெபத்தில் அழுதார். அவன் போவதற்குள் யாரையாவது அனுப்பிச் சமாதானம் செய்யும் என்றார்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"யாரை அனுப்பணும்ப்பா? அஞ்சு அடிதானே."

அம்மா தொடையில் கிள்ளினாள். நாம் ஜெபிப்போம், மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்றார் அப்பா.

"அவர் பாத்துட்டுதான் இருக்கார். நாமதான் உக்காந்தே இருக்கோம்."

அப்ப நான் போறேன் என்றேன். போனால் திரும்பி இந்த வாசலை மிதிக்காதே என்றார். அவர் ஆமென் சொல்லும் முன்பே எழுந்து போய்விட்டேன்.

சித்தப்பா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேவு பாக்க வந்தியா?"

"மூணு வருஷ ஜெபத்துக்குப் பதிலா வந்திருக்கேன், சித்தப்பா. இதைவிடப் பெரிய ஆள் வருவாங்கன்னு நெனச்சீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வாங்க, இப்பவே போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். மூத்தவர் முதலில் வரட்டும் என்று கையை உருவிக்கொண்டார். அப்படியென்றால் அவர் வரும்வரை நான் இங்கேதான் என்று மூட்டைகளுக்கு நடுவே படுத்துவிட்டேன். சித்தி ஒரு தலையணையை வீசினாள்.

இந்தப் பக்கம் அப்பா இருமுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் மூன்று வருடமாக ஒவ்வொரு வார்த்தையையும் சித்தப்பா கேட்டிருக்கிறார்.

சற்றுமுன் அப்பா பலகையைத் தட்டினார்.

"வீட்டுக்கு வா."

"நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க."

அப்பாவிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. சித்தப்பா எழுந்து தாழ்ப்பாளை விலக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூங்கவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை. அந்தப் பக்கம் அப்பா செருப்பைத் தேடுகிறார். ஐந்தடிக்கு எதற்குச் செருப்பு?