பதினாலு வீட்டுக் குட்டி

தப்பின் தோலை நெருப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்த வீரய்யாவின் கையை யசோதினி பிடித்தாள்.

"வேணாம் மாமா. குட்டி நிக்கிற பட்டியத் தாண்டி முடக்கு திரும்புற வரைக்கும் அடிக்க வேணாம்."

வீரய்யா நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் வாசல் இஸ்தோப்பில், பெட்டிக்குள் அவள் அப்பா ராஜலிங்கம் கிடந்தார். முந்தாநாள் புல்லுக்கட்டோடு மலையில் சரிந்தவர். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டியும் நகத்திடுக்கில் பச்சை போகவில்லை.

"என்ன பேசுற நீ?" அண்ணன் கணேஸ் கொழும்பிலிருந்து விடியக்காலைதான் வந்திருந்தான். "இந்தத் தோட்டத்துல எந்தச் சாவுக்கு அப்பா முன்னால ஆடாம இருந்தாரு? அவர ஊமப் பொணமா தூக்கிட்டுப் போகச் சொல்றியா? ஒரு குதிரைக் குட்டிக்காக?"

"ஒங்களுக்கு ஒரு குட்டி. இங்க பதினாலு வீட்டுக் குட்டி."

ராஜலிங்கம் இருபது வருசம் நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளுக்குச் சாணி அள்ளியவர். அங்கே ஓடிப் பேரெடுத்த குதிரையொன்று குட்டி போட்டுவிட்டுச் செத்தது. போத்தல் பால் கொடுத்து யார் வளர்ப்பது என்று முதலாளி குட்டியைத் தள்ளிவிடப் பார்த்தார். ராஜலிங்கம் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்து இரண்டு நாள் பேசினார். கடைசியில் பதினாலு வீடும் அந்த வருசம் சீட்டுப் பிடிக்காமல் அந்தப் பணத்தைக் குட்டியில் போட்டன. வளர்ந்து ஓடினால் எல்லாருக்கும் சமபங்குதான். இருந்தும் காது யாருக்கு, குளம்பு யாருக்கு என்று துண்டு எழுதிக் குலுக்கினார்கள். வீரய்யாவுக்கு வால் விழுந்தது.

"ஜெயிச்சாலும் கோட்டக் கடைசியாத் தாண்டுறது நாந்தான்" என்று அவர் சொல்லாத நாளில்லை.

குட்டி வந்த அன்றைக்கே காரியம் கெட்டது. லொறியிலிருந்து இறக்கியதும் சாமியை அழைப்பதுபோல மாலை போட்டுத் தப்படித்தார்கள். ராஜலிங்கமே முன்னால் ஆடினார். இரண்டாவது அடிக்குக் குட்டி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்து தண்ணிக் கானுக்குள் விழுந்தது. முன்னங்கால் முட்டி கிழிந்து எலும்பு தெரிந்தது. பேராதனையிலிருந்து வந்த மிருக டாக்டர் தைத்துவிட்டு, இன்னொரு தரம் விழுந்தால் ஓட்டம் இல்லை, ஊசி போட்டு முடிப்பதுதான் என்றார். அன்றிலிருந்து தகரம் விழுந்தாலும் அது நடுங்கியது.

"மேல எங்கயாச்சும் கொண்டுபோய்க் கட்டுங்களேன்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"யாரு கொண்டுபோறது?" என்றாள் யசோதினி. "அப்பா கையத் தவிர ஒருத்தர் கையிலயும் நடக்காது. மழைக்குப் படியெல்லாம் பாசி." அண்ணனைப் பார்த்தாள். "அது விழுந்த பெறகு அப்பா ஆடல அண்ணே. ரெண்டு சாவு போச்சு. ரெண்டுக்கும் கை கட்டிக்கிட்டுப் பின்னாலதான் போனாரு. ஒங்களுக்குத் தெரியாது."

கணேஸ் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் கையைப் பார்த்தான்.

தலைமாட்டில் இருந்த யசோதினியின் அம்மா வீரம்மா அழுகையை நிறுத்தினாள். புருசனின் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"பதினோரு ராத்திரி மாட்டுப்பட்டியில அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தாரு. கல்யாணம் கட்டி முப்பத்தாறு வருசம். என்கூட அப்புடி ஒரு ராத்திரி படுத்ததில்ல இந்த மனுசன்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

"வீரய்யாண்ணே, ஒங்க இஷ்டம்" என்றாள் வீரம்மா.

வீரய்யா தப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மொதல்ல போனா அவன் ஆடணும், அவன் போனா நான் அடிக்கணும்னு பேச்சு" என்றார். தோளில் கிடந்த துவாயை எடுத்தார். பிள்ளைக்குச் சுற்றுவதுபோலத் தப்பைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சூடு போயிறப் படாது. முடக்குல அடிக்கிறேன்."

தூக்கினார்கள். மயானத்துக்கு ஒரே பாதைதான், பழைய மாட்டுப்பட்டியை ஒட்டி. பட்டி நெருங்க ஒப்பாரி தானாகத் தணிந்தது. முன்னால் தோள் கொடுத்திருந்த கணேஸின் சப்பாத்து கல்லில் டக்கு டக்கென்று அடித்தது. நாலடி வைத்தான். நின்றான். பெட்டியைப் பிடித்தபடியே ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துச் சப்பாத்தைக் கழற்றினான். மற்றதையும் கழற்றினான். காலில் வெறும் மேசோடு சேற்றில் நடந்தான். பின்னால் வந்தவர்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் பட்டியை அடுத்த தண்ணிப் பீலியடியில் நின்றுவிட்டார்கள். அதற்கு அப்பால் அவர்கள் போவதில்லை. யசோதினி மட்டும் பால் போத்தலோடு பட்டிக்குள் போனாள்.

குட்டி நின்றுகொண்டிருந்தது. முட்டியில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. போத்தலை மோந்து பார்த்தது. அவள் கையை மோந்தது. குடிக்காமல் முகத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தது.

"குடி" என்றாள். "நாந்தான் இனிமே."

முடக்கில் தப்பு எழுந்தது. தூரத்திலிருந்து வந்தாலும் அது அப்பா ஆடும் அடி என்று தெரிந்தது. குட்டியின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. யசோதினி போத்தலைப் போட்டுவிட்டு அதன் இரண்டு காதுகளையும் பொத்தித் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். உள்ளங்கைக்குள் காதுகள் துடித்தன. தப்புச் சத்தம் மலைக்கு மேலே மலையாக ஏறிப் போனது. முழுக்க ஓயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

வைக்கோலில் சரிந்து கிடந்த போத்தலிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.