வரும்போது பார்த்துக்கலாம்

அந்த வழிகாட்டிக்கு ஓட்டுநர் வைத்திருந்த பெயர் ‘வரும்போது’. மலை ஏறும் வழியில் அருவியைக் கண்டு யாராவது சீட்டிலிருந்து துள்ளினால் போதும், வழிகாட்டி மைக்கை வாயருகே கொண்டுபோவான். ஓட்டுநர் முந்திக்கொண்டு, “வரும்போது பார்த்துக்கலாம்!” என்று அவன் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார். வண்டியே சிரிக்கும். அவனும் சிரிப்பான். ஆனால் வண்டி நிற்காது.

அவன் சோம்பேறியில்லை. பள்ளத்தாக்குகளின் வழியாக மேலே இருக்கிற ஏரிக்குப் போய், அதே பாதையில் திரும்பும் பயணம் அது. மற்ற வழிகாட்டிகள் போகும்போதே எல்லாவற்றையும் காட்டித் தீர்த்துவிடுவார்கள். திரும்பும் வழியில் ஜனங்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. தூங்கி வழிந்துகொண்டு வந்து, இறங்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். இவன் அதைக் கவனித்துத் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். போகும்போது கண்ணில் காட்டி ஆசையைக் கிளப்புவது, திரும்பும்போது ஒவ்வோர் இடமாக நிறுத்துவது, எல்லாவற்றிலும் பெரிய பள்ளத்தாக்கைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது. இறங்கும்போது ஜனங்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த முறை முன்சீட்டில் ஒரு தம்பதி. கணவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். கேமராப் பையைப் பச்சைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அதைத் தட்டிக்கொடுத்தார்.

“என்னை இப்படி ஒரு நாள் தட்டிக்கொடுத்திருப்பாரா, கேளுங்க தம்பி” என்றாள் மனைவி.

முதல் நாள் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது அந்த அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். ஸ்டுடியோவின் பின்சுவரில் ஒரு திரை தொங்குகிறதாம். ஒரு காலண்டர் படத்தைப் பார்த்து வரையச் சொன்னது. வளைந்து போகிற ஆறு, பின்னால் வெள்ளை முடி போட்ட மூன்று சிகரங்கள். இந்தப் பயணத்தில் வரப்போகிற பெரிய பள்ளத்தாக்குதான் அது.

“எங்க ஊர்ல பாதிப் பேர் இந்தப் பள்ளத்தாக்குல நின்னுதான் மாலையும் கழுத்துமா படம் எடுத்துக்கிட்டாங்க. எல்லாரும் வந்துட்டுப் போயாச்சு. நான் மட்டும்தான் பாக்கி.”

“ஏம்மா, நீங்க எடுத்துக்கலையா?”

“எங்க தம்பி? பொண்ணுக்கு முடி வாரிவிடறது, மாப்பிள்ளை காலரைச் சரிபண்றது, அழுற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டறதுன்னு கேமராவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். எப்பவாவது கேட்டா, ‘உனக்கு எதுக்குடி துணித் திரை, நிஜத்துக்கே கூட்டிட்டுப் போய் எடுக்கறேன்’னு ஒரே பேச்சு. அப்படிச் சொல்லிச் சொல்லியே எங்க பேத்தி பள்ளிக்கூடம் போறா.”

ஸ்டுடியோக்காரர் தட்டிலிருந்து தலை நிமிராமல், “இப்போ கூட்டிட்டு வந்தேனா இல்லையா?” என்றார்.

“டாக்டர் கையில கால்ல விழுந்து கூட்டிட்டு வந்தீங்க. அதையும் சொல்லுங்க.”

அம்மாவுக்கு இளைப்பு உண்டு. உயரத்துக்குப் போகவே கூடாது என்றுதான் டாக்டர் முதலில் சொல்லியிருக்கிறார். பிறகு மனமிரங்கி, மூச்சு முட்டினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பியிருக்கிறார். இன்ஹேலர் அவள் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் வண்டி அந்த வளைவில் திரும்பியது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. கீழே ஆறு வெயிலில் பளபளத்து வளைந்து போயிற்று. மூன்று சிகரங்களும் துலக்கி வைத்த பாத்திரம் போல நின்றன.

ஸ்டுடியோக்காரர் எழுந்தே விட்டார். “இதுதான்! அதே வளைவு! தம்பி, நிறுத்துங்க, நிறுத்துங்க!”

அம்மா அதற்குள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துவிட்டாள்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். வண்டி நிறுத்தும் ஒதுக்கிடம் எதிர்ப்பக்கம், இறங்கி வரும் வண்டிகளுக்கானது. ஏறும் வண்டி அதற்குச் சாலையைக் கடக்க வேண்டும். கடக்கக் கூடாது என்று பலகை இருந்தது. ஆனாலும் அவசரத்துக்கு எல்லோரும் கடப்பதுதான்.

“என்ன சார், நிறுத்தட்டுமா? ரோட்ல ஈ காக்கா இல்லை” என்றார் ஓட்டுநர்.

வழிகாட்டி ஒரு நிமிஷம் தயங்கினான். பலகையை நினைத்துத் தயங்கியதாகத்தான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது ஒட்டவில்லை. இதை இப்போதே காட்டிவிட்டால் கடைசி நாளுக்குக் கையில் என்ன இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தான். மைக்கை எடுத்தான். அந்த மனிதரிடம் எது சொன்னால் எடுபடும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

“ஐயா, உங்களுக்குத் தெரியாததா? உச்சி வெயில்ல படம் வெளிறிப் போயிடும். முகத்துல நிழல் விழும். திரும்பும்போது காலை வெளிச்சத்துல இங்க நிக்கப்போறோம். தங்கம் மாதிரி இருக்கும். வரும்போது பார்த்துக்கலாம்.”

ஸ்டுடியோக்காரர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். மனைவியின் முகத்தில் அது விழுவதையும் பார்த்தார். ஆயுசு முழுக்க வெளிச்சம் பார்த்தே பிழைத்தவர். “அவர் சொல்றதும் சரிதான்” என்று உட்கார்ந்துவிட்டார். “ஒரே ஒரு படம். அது நல்லா அமையணும்.”

அம்மா சீப்பைப் பைக்குள் வைத்தாள். சன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, வளைவு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏரிக்கரை விடுதிக்குப் போய்ச் சேர்ந்த சாயங்காலமே அவளுக்கு மூச்சு முட்டியது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. அங்கிருந்த சிறிய மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடிந்ததும் கீழே கொண்டுபோங்கள், வழியில் எங்கும் நிற்க வேண்டாம் என்றார் மருத்துவர். மற்றவர்களுக்கு அடுத்த நாள் ஏரியில் படகுதான். அவர்களை ஓட்டுநரின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு காரை அமர்த்தி, வழிகாட்டியும் கூடவே புறப்பட்டான்.

அந்த வளைவுக்கு வந்தபோது காலை வெளிச்சம்தான். அவன் சொன்ன அதே நேரம்தான். ஆனால் சாலையின் விளிம்புக்கு அப்பால் எதுவுமே இல்லை. ஆறில்லை, சிகரமில்லை. சுண்ணாம்படித்த சுவர் மாதிரி மேகம் நின்றது.

கார் மெதுவாக ஊர்ந்தது. பின்சீட்டில் கணவரின் தோளில் சாய்ந்திருந்த அம்மா கண்ணைத் திறந்தாள்.

“அந்த இடமா?”

“ஆமாம்மா” என்றான் அவன். “மேகமா இருக்கு.”

அவள் சன்னலைப் பார்த்தாள். “திரையை மடிச்சு வெச்சுட்டாங்களா?”

ஸ்டுடியோக்காரர் சிரிக்கப் போனார், முடியவில்லை. ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மடியிலிருந்த பையைத் தட்டிக்கொடுத்தார். நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது வழிகாட்டிக்கு. முடியாது என்று சொல்ல இந்தத் தடவை உண்மையான காரணம் அவனிடம் இருந்தது.

கீழே இறங்கியதும் அம்மாவுக்கு மூச்சு சீரானது. இனி மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்களை ரயிலேற்றிவிட்டு அவன் மேலே திரும்பினான். “உங்க மேல என்ன தப்பு தம்பி, வெளிச்சம் வேணும்னு ஆசைப்பட்டது நான்தானே” என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதுதான் வழியெல்லாம் அவனைப் பிடுங்கித் தின்றது.

கடைசி நாள் மேகம் விலகி, பள்ளத்தாக்கு தங்கமாகத்தான் இருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். “பிரமாதமா முடிச்சீங்க சார்” என்று ஒருவர் அவன் முதுகைத் தட்டினார். அன்று முழுவதும் ஓட்டுநர் அவனை ‘வரும்போது’ என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கேலி செய்திருக்கலாம்.

அடுத்த குழுவோடு ஏறும்போது அதே வளைவு வந்தது. அதே உச்சி வெயில்.

“அண்ணே, நிறுத்துங்க” என்றான்.

ஓட்டுநர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்னும் பின்னும் பார்த்து, சாலையைக் கடந்து ஒதுக்கிடத்தில் நிறுத்தினார். ஜனங்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அவன் தனியாக ஒரு ஓரத்துக்குப் போய், கைபேசியில் பள்ளத்தாக்கைப் படம் எடுத்து ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“பாத்தேன் தம்பி. நல்லா இருக்கு. ஆனா ஆள் இல்லாத பள்ளத்தாக்குதான் எங்கிட்ட இத்தனை வருஷமா தொங்குதே.”

“அம்மா எப்படி இருக்காங்க ஐயா?”

“இருக்கா. பேத்தியை விரட்டிட்டு இருக்கா. சத்தம் கேக்குதா?”

“அந்தத் திரைக்கு முன்னாலயாவது அவங்களை உக்கார வெச்சு ஒண்ணு எடுங்களேன்.”

பேத்தியின் சத்தம் தள்ளிப் போனது; அவர் கைபேசியோடு எழுந்து வெளியே வந்துவிட்டார் போலிருந்தது.

“கேட்டேன் தம்பி. வந்த மறுநாளே நாற்காலியைப் போட்டு, லைட்டெல்லாம் போட்டுட்டுக் கூப்பிட்டேன். ‘நிஜத்தையே கண்ணால பாத்துட்டேன், இனிமே எனக்கு எதுக்குத் துணி’ன்னுட்டா. வர மாட்டேங்கறா.”

அவன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஒரு பெண் தன் கணவரைக் கைப்பிடிச் சுவரருகே நிறுத்தி, சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நீங்களும் போய் நில்லுங்கம்மா, நான் எடுக்கறேன்” என்றான்.

“ஐயோ, முடியெல்லாம் கலைஞ்சிருக்கு. வரும்போது எடுத்துக்கறோமே?”

“இப்பவே நில்லுங்க.”

சொன்ன விதத்தில் அந்தப் பெண் கொஞ்சம் திகைத்துப் போனாள். மறுபேச்சுப் பேசாமல் கணவர் பக்கத்தில் போய் நின்றாள். படம் வெளிறித்தான் வந்தது. இருவர் முகத்திலும் நிழல் விழுந்திருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்றார்கள்.